பூம்புகார்க் கடற்கரையில் பருவகால உணவு வாணிகம்

பண்டைத் தமிழரின் உணவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் விருந்தோம்பலையே விதந்து கூறுவர். உணவு விலைப்பொருளாகிய வரலாறும் ஆராயத்தக்கதே. இவ்வாராய்ச்சிக்குக் காவிரிப்பூம்பட்டினம் சிறந்த களமாகும். அது வெறும் கற்பனை நகரன்று. 1960களில் இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறை நிகழ்த்திய அகழ்வுகள் கீழையூரில் செங்கல்லாற் கட்டிய படகுத்துறையை வெளிப்படுத்தின.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை இந்நகரில் இருவகை உண்ணலைக் காட்டுகின்றது. பரதவர் சுட்ட இறாலும் வேகவைத்த ஆமையும் தம்முள் கூடி உண்டனர். அறச்சாலைகளிலோ சோறு வடித்த கஞ்சி ஆறுபோல் ஓடியது. முன்னது உழைப்போர் தாமே ஈட்டிய உணவு. பின்னது செல்வர் அளித்த கொடை. இரண்டிலும் விலை என்பதற்கு இடமில்லை. ஆயினும் அதே நூல் ஈழத்திலிருந்து வந்த உணவுப்பொருளைத் துறைமுகச் சரக்குகளுள் ஒன்றாக எண்ணுதல் நோக்கற்பாலது.

சிலப்பதிகாரம் மூன்றாவது வகையைக் காட்டுகின்றது. சித்திரைத் திங்களில் தொடங்கிய இந்திரவிழா இருபத்தெட்டு நாள் நிகழ்ந்தது. வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அடங்கியிருக்கும் காலம் அது. விழா முடிவில், உவாநாளின் வைகறையில், நீராட வந்தோர் திரண்ட கடற்கரையில் எரிந்த விளக்குகளைக் கடலாடு காதை வரிசைப்படுத்துகின்றது. பிட்டு விற்கும் காழியர், அப்பம் விற்கும் கூவியர், மீன் விற்போர், பண்டங்களை விலை கூறி விற்கும் மகளிர், வேற்றுமொழி பேசும் அயல்நாட்டார் ஆகியோரின் விளக்குகள் அவற்றுள் அடங்கும். அவ்வொளியில் நுண்மணலிற் கிடக்கும் வெண்கடுகையும் காணலாம் என்பது புலவர் கூற்று.

காப்பியம் கணக்கேடு அன்று. புனைவை நீக்கியே அதனை நோக்கல் வேண்டும். எனினும் காழியர், கூவியர் என்னும் தொழிற்பெயர்கள் மருவூர்ப்பாக்கத்து மக்களைக் கூறுமிடத்தும் வருகின்றன. எனவே சமைத்து விற்றலையே தொழிலாகக் கொண்ட மக்கள் அந்நகரில் நிலையாக வாழ்ந்தனர் என்பதும், விழாக்காலத்தில் அவர்கள் கடற்கரைக்கு வந்து விற்றனர் என்பதும் பெறப்படும். உறவும் ஊரும் அறியாத அயலான் விருந்தினனாக அன்றி, விலை கொடுப்போனாக உண்ணும் நிலை துறைமுகத்தில் உருவாயிற்று. இன்றும் பொத்துவில் அறுகங்குடாவில் ஏறத்தாழ ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பயணிகளால் உணவுச்சாலைகள் பெருகுவதையும், பருவம் கழிந்ததும் அவற்றுட் பல மூடப்படுவதையும் காண்போர் இந்நிலையை எளிதில் உணர்வர்.

விலை கொடுக்க இயலாதார் யாது செய்தனர்? இதற்கு விடை மணிமேகலையில் உள்ளது. அதே நகரின் உலகவறவியில் பசியால் வருந்துவோருக்கு மணிமேகலை அமுதசுரபியால் உணவளித்தாள். அப்பாத்திரம் அவளுக்குக் கிடைத்த மணிபல்லவத்தை யாழ்ப்பாணத்துக்கு அண்மையிலுள்ள நயினாதீவாகக் கருதுவோர் உளர். கடற்கரையில் அப்பம் விற்ற நகரிலேயே பசித்தோர் கூட்டமும் இருந்தமையை இவ்விரு காப்பியங்களையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்தே அறிகின்றோம்.

நெடுமுடிக்கிள்ளி இந்திரவிழாவை மறந்தமையால் நகரைக் கடல் கொண்டது என மணிமேகலை கூறும். இதனை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ளாதார்க்கும் ஓர் உண்மை இதில் உண்டு: விழா நின்றால் முதலில் அணைவது கூவியரின் அகல்விளக்கே. பருவத்தை நம்பிப் பிழைத்த அம்மக்களின் வாழ்வையும் அறச்சாலைகளின் பெருமையோடு சேர்த்து எழுதும்போதே தமிழர் உணவு வரலாறு நிறைவுறும்.