விமர்சனமா, வசூலா? ஒரு படம் நல்லா இருக்குன்னு எதை வச்சு சொல்றது?

'முதல் நாளே வசூல் வேட்டை' என்கிறது போஸ்டர். 'காசு வேஸ்ட்' என்கிறது யூடியூப் விமர்சனம். இரண்டும் ஒரே படத்தைப் பற்றித்தான். டிக்கெட் புக் பண்ணப் போகும் நீங்கள் எதை நம்புவது?

முதல் நாள் வசூல் சொல்வது என்ன?

பெரிய ஹீரோ படங்களுக்கு முதல் 3 நாள் கூட்டத்தில் பெரும்பகுதி முன்பதிவில் வருவது. அதாவது, படம் எப்படி இருக்குன்னு தெரியும் முன்பே காசு கொடுத்தாச்சு. இந்த வசூல் காட்டுவது ஹீரோவின் மார்க்கெட், விடுமுறை, தியேட்டர் எண்ணிக்கை ஆகியவற்றைத்தான். டிக்கெட் விலை ஏறினால், அதே அளவு கூட்டம் வந்தாலும் 'கோடி' கூடும். இந்தியாவில் எல்லாப் படங்களுக்கும் பொதுவான அதிகாரப்பூர்வ வசூல் பட்டியலும் கிடையாது.

அப்போ விமர்சனம்?

விமர்சகர் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார். ஆனால் அது ஒருவரின் ரசனை. 1975-இல் வந்த ஷோலே படத்தை விமர்சகர்கள் பலர் முதலில் ரசிக்கவில்லை. அதே படம் மும்பை மினர்வா தியேட்டரில் 5 ஆண்டுகள் ஓடியது.

வசூலும் தவறும். 2003 பொங்கலுக்கு வந்த அன்பே சிவம் பாராட்டு வாங்கியும் தியேட்டரில் தோற்றது. பிறகு டிவியில் பார்த்தவர்கள்தான் அதைக் கொண்டாடினார்கள்.

3 நாள் தடை ஏன் கேட்டார்கள்?

படம் வெளியான முதல் 3 நாளுக்கு ஆன்லைன் விமர்சனங்களைத் தடுக்கக் கோரி, 2024 டிசம்பரில் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார்கள். விமர்சனம் கருத்துச் சுதந்திரம் என்று கூறி, தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது. போட்ட காசில் பெரும்பங்கை எடுக்க வேண்டிய நாட்கள் அவை என்பதுதான் தயாரிப்பாளர்களின் பதற்றம்.

சரி, எதைப் பார்க்கணும்?

திங்கள்கிழமையைப் பாருங்க. விடுமுறை முடிந்த பிறகும் தியேட்டருக்கு ஆள் வந்தால், பார்த்தவர்கள் மற்றவர்களிடம் நல்லபடியாகச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். 2024-இல் மஞ்ஞும்மல் பாய்ஸ் தமிழ் டப்பிங் இல்லாமலே தமிழ்நாட்டில் வாரக்கணக்கில் ஓடியது இப்படித்தான். 2025 மே 1-இல் சூர்யாவின் ரெட்ரோவோடு மோதிய டூரிஸ்ட் ஃபேமிலி நாளுக்கு நாள் கூட்டம் சேர்த்ததும் இதே வாய்மொழியால்தான்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கூட்டம் இல்லை என்று முதல் வாரத்திலேயே ஸ்கிரீனை விட்டுத் தூக்கப்படும் சின்னப் படத்துக்கு அந்த இரண்டாவது வாரமே கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட படங்களுக்கு முதல் நாள் விமர்சனம்தான் ஒரே விளம்பரம். எனவே பெரிய படம் என்றால் திங்கள் வரை பொறுங்க. சின்னப் படம் என்றால், உங்கள் ரசனைக்கு ஒத்துப்போகும் இரண்டு மூன்று விமர்சகர்கள் நல்லா இருக்குன்னு சொன்னால், அந்த வாரமே பார்த்துவிடுங்க.