எக்ஸ்ட்ரீம் ஈ

எக்ஸ்ட்ரீம் ஈ என்பது பருவநிலை மாற்றத்தால் பாதிக்கப்பட்ட இடங்களில் மின்சார எஸ்யுவி கார்களைக் கொண்டு நடத்தப்பட்ட சர்வதேச கரடுமுரடுப் பாதைப் பந்தயத் தொடர். மின்சாரக் கார் பந்தயத் தொடரான ஃபார்முலா ஈ-யைத் தொடங்கிய அலெஹாந்த்ரோ அகாக் இதையும் நிறுவினார். முதல் பந்தயம் 2021 ஏப்ரலில் சவூதி அரேபியாவின் அல்-உலா பாலைவனத்தில் நடந்தது. அதே ஆண்டு செனகலின் ரோஸ் ஏரிக்கரைக்கும் கிரீன்லாந்துக்கும் தொடர் நகர்ந்தது.

கார் பந்தயத்தில் கரியமிலச் சுமையின் பெரும்பங்கு கார் விடும் புகையல்ல, ஊர் ஊராகச் சரக்கையும் ஆட்களையும் கொண்டு செல்லும் பயணமே. ஆகவே கார்களும் தளவாடங்களும் ‘செயின்ட் ஹெலினா’ கப்பலில் சென்றன. அட்லாண்டிக் தீவு ஒன்றுக்கு 2018 வரை தபாலும் பயணிகளும் ஏற்றிச் சென்ற பழைய கப்பல் அது. அதன் நீச்சல் குளம் இருந்த இடம் விஞ்ஞானிகளுக்கான ஆய்வுக்கூடமானது.

சுற்றுச்சூழல் பாதிப்பைக் குறைக்கவே களத்தில் பார்வையாளர்களுக்கும் அனுமதி இருக்கவில்லை.

எல்லா அணிகளும் ஒரே வகையான, 400 கிலோவாட் திறன் கொண்ட ‘ஒடிசி 21’ காரையே ஓட்டின. ஒவ்வோர் அணியிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சமமாகச் சுற்றுகளைப் பகிர வேண்டும் என்ற விதி, இத்தொடரின் மிகத் துணிச்சலான அம்சம் எனலாம். முதல் பட்டத்தை ரோஸ்பெர்க் அணியின் மோலி டெய்லரும் யோஹான் கிறிஸ்டோஃபர்சனும் வென்றனர். 2024 பருவம் பாதியிலேயே நின்றது. அதன் இடத்தை ஹைட்ரஜனில் ஓடும் எக்ஸ்ட்ரீம் எச் எடுத்துக்கொண்டது.