மூன்று சீட்டிலிருந்து போக்கர் வரை: ஏற்றி ஆடும் ஆட்டத்தைச் சட்டமும் கணிதமும் நோக்கிய விதம்

சென்னை மாகாணத்தில் பணம் வைத்துச் சீட்டாடுவதை, மாநகரத்துக்கென இயற்றப்பட்ட 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டமும், மாநகருக்கு வெளியிலுள்ள பகுதிகளுக்கென இயற்றப்பட்ட 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும் கட்டுப்படுத்தின. ஆகவே 1930ஆம் ஆண்டு நிலையில், வடசென்னையின் ராயபுரம் ஒரு சட்டத்தின் கீழும், அதற்குச் சில மைல் வடக்கே மாநகருக்கு வெளியே இருந்த திருவொற்றியூரும் எண்ணூரும் மற்றொரு சட்டத்தின் கீழும் அமைந்தன. இரு சட்டங்களும் முதன்மையாகக் குறிவைத்தது பொதுச் சூதாட்ட இடத்தை, அதாவது இடத்தை வைத்திருப்பவர் ஆட்டத்தின் வழியே ஆதாயம் பெறும் இடத்தை. வீடு, அறை, கூடாரம் ஆகியவற்றோடு வண்டியையும் கலத்தையும்கூட மாநகரச் சட்டம் இந்த வரையறைக்குள் சேர்த்தது. துறைமுக நகரொன்றின் சட்டத்தில் கலம் இடம்பெற்றதில் வியப்பில்லை. 1888ஆம் ஆண்டுச் சட்டத்தின் 49ஆம் பிரிவும் 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவும் திறமை ஆட்டங்களுக்கு விலக்களித்தன. சீட்டு மேசையில் பந்தயத்தை ஏற்றி எதிராளியை மிரட்டுவது திறமையா, குருட்டுத் துணிச்சலா என்ற கேள்வி இந்த விலக்கிலிருந்தே பிறந்தது.

ஓர் ஆட்டத்தில் திறமையே மேலோங்கி நின்றால் அது சூதாகாது என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1957இல் சமர்பாக்வாலா வழக்கில் நிலைநாட்டியது. 1967இல் செகந்திராபாத் மனமகிழ் மன்றமொன்று தொடர்பான சத்தியநாராயணா வழக்கில், விழும் சீட்டுகளை நினைவில் வைத்து எதைப் பிடிப்பது, எதைக் கழிப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று அந்நீதிமன்றம் கூறியது. ரம்மியை உயர்த்திக் காட்ட, சென்னை வழக்கொன்றில் பேசப்பட்ட மூன்று சீட்டு ஆட்டத்தை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட தீர்ப்பு, அதை முழுக்க அதிர்ஷ்ட ஆட்டம் என்று ஒதுக்கியது. வழக்கு மூன்று சீட்டைப் பற்றியது அல்ல. போகிற போக்கில் சொல்லப்பட்ட அந்த ஒரு கருத்துதான் பந்தயத்தை ஏற்றி ஆடும் எல்லா ஆட்டங்களின் மீதும் அரை நூற்றாண்டுக்கு மேல் நிழலாக விழுந்தது.

அந்த ஒதுக்கல் எந்த அளவுக்குச் சரி என்பதை ஆட்டத்தின் அமைப்பிலேயே பார்க்கலாம். 52 சீட்டுக் கட்டிலிருந்து மூன்று சீட்டுகள் 22,100 விதமாக அமையக்கூடும். அவற்றில் 16,440 அமைப்புகளில் ஜோடியோ, வரிசையோ, ஒரே இனமோ எதுவும் இராது. ஏறக்குறைய நான்கில் மூன்று முறை கையில் ஒன்றுமே இல்லாமல் அமரும் ஆட்டக்காரர், நல்ல சீட்டு வரும் வரை பொறுத்திருந்து அப்போது மட்டும் பணத்தை ஏற்றினால், மற்றவர்கள் அவர் ஏற்றியதுமே சீட்டைக் கவிழ்த்துவிடுவார்கள். கையில் ஒன்றுமில்லாதபோதும் இருப்பதுபோல் ஏற்றுவது, அதாவது பிளஃப், இங்குக் குறும்பு அல்ல, தேவை. சீட்டைப் பார்க்காமலேயே ஆடும் பிளைண்ட் முறையும் அவ்வாறே: பார்த்து ஆடுபவர் கட்ட வேண்டிய தொகையில் பாதியை மட்டும் கட்டும் பிளைண்ட் ஆட்டக்காரரின் முகத்தில் எதையும் படிக்க இயலாது, ஏனெனில் அவருக்கே எதுவும் தெரியாது. எனினும் மூன்று சீட்டில் சீட்டு ஒருமுறை பகிரப்பட்டபின் புதிய சீட்டு எதுவும் வருவதில்லை. டெக்சாஸ் ஹோல்டெம் என்னும் போக்கர் வகையிலோ ஒவ்வொருவருக்கும் இரண்டு மறைவுச் சீட்டுகள், நடுவில் படிப்படியாகத் திறக்கும் ஐந்து பொதுச் சீட்டுகள், நான்கு சுற்றுப் பந்தயம் என்று முடிவெடுக்கும் தருணங்கள் பெருகுகின்றன. வேறுபாடு அளவில்தான் என்றாலும் அது சிறிய வேறுபாடு அன்று.

பிளஃபுக்குக் கணித அடிப்படை உண்டென்பது நீதிமன்றங்கள் இக்கேள்வியை எடுப்பதற்கு வெகு முன்பே தெரிந்திருந்தது. ஹங்கேரியில் பிறந்த ஜான் வான் நாய்மன் 1928இல் வெளியிட்ட கட்டுரையிலும், ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து 1944இல் வெளியிட்ட நூலிலும், எதிராளியால் கணிக்க முடியாதபடி ஆட்டத்தைக் கலந்து ஆடுவதே இத்தகைய ஆட்டங்களின் சரியான வழி என்று காட்டினார். நடுவில் 100 ரூபாய் கிடக்க, கடைசிச் சுற்றில் ஒருவர் 50 ரூபாய் ஏற்றினால், அவ்வாறு ஏற்றும் கைகளில் நான்கில் ஒன்று பிளஃபாக இருக்கலாம். 100 ரூபாய் ஏற்றினால் மூன்றில் ஒன்றும், 200 ரூபாய் ஏற்றினால் ஐந்தில் இரண்டும் பிளஃபாக இருக்கலாம். அந்த விகிதத்தில்தான் எதிராளிக்குப் பணம் கட்டிப் பார்ப்பதும் சீட்டைக் கவிழ்ப்பதும் ஒன்றாகிவிடும். ஏற்றும் தொகை வளர வளரப் பொய்யின் பங்கும் வளர வேண்டும் என்பது பொதுப்புத்திக்கு முரணாகத் தோன்றினாலும், பெரிய தொகையைக் கட்டிப் பார்க்க எதிராளி தயங்குவார் என்பதே இதன் காரணம். இக்கணக்கு எதிராளியும் கணக்குத் தெரிந்தவராக இருக்கும் மேசைக்கே பொருந்தும். எவ்வளவு ஏற்றினாலும் கட்டிப் பார்த்துவிடும் சிறு பந்தய மேசைகளில் பிளஃப் வீண்செலவு. ஒவ்வொருவரும் மற்றவரின் பழக்கத்தைக் குறித்துவைக்கும் பெரிய மேசைகளில் பிளஃப் ஆடாதவரே தோற்பார். கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் உருவான லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல் 2017இல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகளில் வென்றபோது, நடுப்பணத்தைப் போலப் பல மடங்கு தொகையைத் திடீரென ஏற்றியது அனைவரையும் திகைக்க வைத்தது.

அதே 2017இல் குஜராத் உயர் நீதிமன்றம் போக்கரை மூன்று சீட்டின் வரிசையில் வைத்து அதிர்ஷ்ட ஆட்டம் என்றது. தமிழகத்தில் போக்கு மாறியது. இணையவழி ரம்மியையும் போக்கரையும் பணம் வைத்து ஆடுவதைத் தடைசெய்த 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. இணைய ஆட்டங்களை ஆராய்ந்த நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022இல் பேரவை நிறைவேற்றிய புதிய தடை மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, அது மீண்டும் நிறைவேறி 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் சட்டத்தை ஏற்ற உயர் நீதிமன்றம், தடைப் பட்டியலிலிருந்து ரம்மியையும் போக்கரையும் நீக்கி அவை திறமை ஆட்டங்களே என்றது. பிளஃபை நம்பிய ஓர் ஆட்டம் தமிழகத்தில் ரம்மிக்குச் சமமான இடத்தைப் பெற்றது.

எனினும் திறமை பற்றிய இவ்வாதம் ஆட்டக்காரரின் பையைக் கணக்கில் எடுப்பதில்லை. இரு சமமான ஆட்டக்காரர்களில் ஒருவரிடம் 1,000 ரூபாயும் மற்றவரிடம் 9,000 ரூபாயும் இருந்து, ஒருவர் கை காலியாகும் வரை ஆட்டம் தொடர்ந்தால், முதலாமவர் எல்லாவற்றையும் இழப்பதற்கான வாய்ப்பு 90 விழுக்காடு. எடுத்துக்காட்டாக, வடசென்னையின் காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சுவதில் பங்கு வரும், ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் அதுவும் வராது. அத்தகைய பையோடு உயர் பந்தய மேசைக்குச் செல்பவர் கணக்குப்படி பிசகின்றி பிளஃப் ஆடினாலும் அந்த 90 விழுக்காடு குறையாது. 2025ஆம் ஆண்டு மாநில விதிகள் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை இணையவழிப் பண ஆட்டத்தை நிறுத்தி ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது, ஆட்டத்தின் தன்மையிலிருந்து பார்வை ஆடுபவரின் பக்கம் திரும்பியதையே காட்டுகிறது. அவ்விதிகளை ஜூனில் உயர் நீதிமன்றமும் ஏற்றது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் இணையவழிப் பண ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது. அந்தத் தடை இணையத்துக்கு உரியது. காகிதச் சீட்டைக் கையில் பிடித்து ஆடும் மேசைக்கு 1888, 1930ஆம் ஆண்டுச் சட்டங்களே இன்றும் அளவுகோல்; அங்கே போக்கர் ஆடுபவர் 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சான்று காட்டலாம், மூன்று சீட்டு ஆடுபவருக்கு எதிரே 1967ஆம் ஆண்டின் அந்த ஒரு கருத்து அப்படியே நிற்கிறது.