கொழுக்குமலை முகடு: கோடையில் ஏன் ஏறக்கூடாது?

கொழுக்குமலைக்கு ஜீப் ஏறுவது இடுக்கி மாவட்டம் சூரியநெல்லியில். ஆனால் மேலே போய் நிற்கும் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டில், போடிநாயக்கனூர் பக்கம் இருக்கிறது. மாநில எல்லை முகட்டின் மேலேயே ஓடுவதால் வரும் குழப்பம் இது. இன்ஸ்டாவில் மேகக் கடலைப் பார்த்துவிட்டு "வீக்எண்ட் போலாமா?" என்று கேட்பவர்கள் பலருக்கு, எந்த மாநிலத்தில் நடக்கப் போகிறோம் என்பதே தெரியாது.

இங்கிருந்து முகட்டோடு தொடர்வது மீசைப்புலிமலை, உயரம் 2,640 மீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆனைமுடிக்கு (2,695 மீட்டர்) அடுத்து இதைத்தான் சொல்வார்கள். கேரள வன மேம்பாட்டுக் கழகம் மூணாறு பக்கமிருந்து, முன்பதிவின் பேரில், வழிகாட்டியோடு அழைத்துப் போகிறது.

முகட்டின் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. தென்மேற்குப் பருவமழையை மூணாறு பக்கம் வாங்கிக்கொள்கிறது. தேனி பக்கம் மழை மறைவுப் பிரதேசம். ஜனவரி தாண்டினால் அந்தச் சரிவில் ஆள் உயரப் புல் காய்ந்து சருகாக நிற்கும். மேலே ஸ்வெட்டர் போடும் குளிர் இருப்பதால், கீழே இப்படிக் காய்ந்து கிடக்கும் என்று யாருக்கும் தோன்றாது.

2018 மார்ச் 11 அன்று நடந்தது இந்தச் சரிவில்தான். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் வந்த இரு குழுக்கள் முந்தைய நாள் குரங்கணியிலிருந்து கொழுக்குமலை ஏறி, இரவு தங்கி, மறுநாள் இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கின. 23 பேர் இறந்தார்கள். பலர் ஐ.டி. வேலையில் இருந்த இளைஞர்கள். அனுமதி வாங்கியது டாப் ஸ்டேஷன் வழிக்கு, போனது கொழுக்குமலைக்கு என்று அரசுத் தரப்பில் அப்போது சொன்னார்கள். அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது.

தீயைவிட வேகமாக ஓட முடியாதா?

சரிவில் மேல்நோக்கி முடியாது. சமதளத்தில் தீயின் சூடு பெரும்பாலும் மேலே போய்விடும். சரிவிலோ சுடர் முன்னே இருக்கும் புல்லின் மேலேயே சாய்ந்து, அதை முன்கூட்டியே உலர்த்திப் பற்றவைக்கிறது. சாய்வு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பாளர்களின் தோராயக் கணக்கு. பகலில் மலைக்காற்றும் கீழிருந்து மேலே வீசும். இரண்டு சரிவுகள் சேரும் மடிப்புகள் இன்னும் மோசம், புகைபோக்கி மாதிரி தீயை மேலே இழுக்கும். மனிதன் ஏற ஏறத் தளர்கிறான், தீ ஏற ஏற வேகம் பிடிக்கிறது.

1949 ஆகஸ்டில் அமெரிக்காவின் மான்டனாவில், மான் கல்ச் என்ற புல் சரிவில், பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர்களே முகட்டை நோக்கி ஓடினார்கள். 13 பேர் இறந்தார்கள். ஓடியவர்களில் இருவர்தான் பிழைத்தார்கள். குழுத் தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓடவில்லை. தன் முன்னால் இருந்த புல்லை எரித்து, அந்தச் சாம்பலில் குப்புறப் படுத்துத் தப்பினார். நீங்கள் செய்து பார்க்க வேண்டிய வித்தை இல்லை இது. ஆனால் எரிய எதுவும் மிச்சமில்லாத இடம்தான் பாதுகாப்பு என்பது இதில் தெரிகிறது. பாறை, ஏற்கெனவே எரிந்த தரை, தண்ணீர் ஓடும் ஓடை, ரோடு – இவற்றை நடக்கும்போதே கண்ணில் குறித்துக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் டீ-ஷர்ட் உருகித் தோலில் ஒட்டும், பருத்தி பரவாயில்லை.

வறண்ட மலையில் ஆபத்து தீ மட்டுமல்ல. 2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழா அருகே சேராடு மலையில் வழுக்கி, பாறை இடுக்கில் மாட்டிய 23 வயது இளைஞர் 40 மணி நேரத்துக்கு மேல் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். ராணுவம் வந்துதான் மீட்டது.

எப்போது, எப்படிப் போகலாம்?

தமிழ்நாட்டு வழிகளுக்கு 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் பதிவு செய்யலாம். 2024 அக்டோபரில் 40 வழிகளோடு தொடங்கியது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, காட்டுத்தீ காலம் என்பதால் மூடிவிடுவார்கள். அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் யாராவது "பெர்மிஷன் நாங்க பாத்துக்குறோம்" என்றால், அனுமதிச் சீட்டை அனுப்பச் சொல்லுங்கள். அதில் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எந்தத் தேதி என்று பாருங்கள். ஒரு மாநிலத்தின் சீட்டு முகட்டுக்கு அந்தப் பக்கம் செல்லாது. ஏறும் வழிக்கு அனுமதி இருந்தால் இறங்கும் வழிக்கும் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். குரங்கணியில் தீ வந்தது இறங்கும்போதுதான். அவசரத்துக்கு இரண்டு மாநிலத்திலும் 112.