முடக்குவாதமும் செயல்முறைச் சிகிச்சையும்: வடசென்னை

செயல்முறைச் சிகிச்சை என்பது, முடக்குவாதத்தால் கை மூட்டுகள் வீங்கிக் கோணிய பெரியவர்கள், தம் அன்றாட வேலைகளைத் தாமே தொடர்ந்து செய்யப் பழக்கும் சிகிச்சை. மருத்துவமனைகளில் ஆக்குபேஷனல் தெரபி, சுருக்கமாக ஓ.டி. நோயைப் பேச்சுவழக்கில் சரவாங்கி என்பர். சித்த மருத்துவத்தின் வளி அழல் கீல்வாயுவோடு இதை இணைப்பது வழக்கம். இரண்டும் ஒன்றே என எல்லோரும் ஏற்பதில்லை.

இந்தியாவில் ஓ.டி. கல்வி 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கரால் தொடங்கப்பட்டது.

தமிழகத்தில் கைக்கான மறுவாழ்வுப் பணி வேலூரில் வேர்விட்டது. அங்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், மருத்துவம் படிக்குமுன் கட்டட வேலையும் தச்சும் பயின்றவர். 1940களின் இறுதியில், தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தத் தொடங்கினார். நிமிர்ந்த விரலுக்கு வேலை பழக வேண்டுமே. அதற்காக அங்கிருந்த மறுவாழ்வு இல்லமான நவஜீவ நிலையத்தில் தச்சுப்பட்டறை எழுந்தது. உணர்ச்சியற்ற கைக்குத் தான் உளியை இறுக்குவது தெரியாது. அழுத்தம் ஓரிடத்தில் குவிந்து புண்ணாகும். பிடி பருமனானால் அழுத்தம் பரவும். முடக்குவாதக் கை இதற்கு நேர்மாறு, தொட்டாலே வலிப்பது. ஆயினும் அதற்கும் உதவுவது அதே பருத்த பிடிதான்: கரண்டிக் காம்பில் சுற்றிய பழந்துணி போதும்.

வடசென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவை 1970களில் ஆர். வெங்கடசுவாமி வளர்த்தெடுத்தார். எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகள் பெருகி, கைக்காயங்களும் மிகுந்திருந்த காலம் அது.

முடக்குவாதத்துக்கே உரிய மூட்டுக்காப்பு முறையை 1965இல் ஜாய் கார்டெரி என்ற ஓ.டி. சிகிச்சையாளர் கட்டுரையாக வகுத்தார். சிறிய மூட்டின் சுமையைப் பெரிய மூட்டுக்கு மாற்றுவதே அதன் சாரம். பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கையில் மாட்டலாம். துணியைக் குழாயில் சுற்றி முறுக்கிப் பிழியலாம். குடத்தை இரு உள்ளங்கையாலும் ஏந்தலாம். காலையில் கனமான வேலை வேண்டாம் என்பதும் வழக்கமான அறிவுரை. வடசென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் அது எளிதன்று. மீன் ஏலம் விடியுமுன்னே தொடங்கிவிடும். நோயுற்ற கையோ எழுந்தபின் ஒரு மணி நேரமாவது விறைத்திருக்கும். கூடையைத் தூக்காமல் தரையில் இழுப்பது, ஐஸில் கை வைக்குமுன் வெந்நீரில் நனைப்பது ஆகியவை அங்கே கூடுதலாகப் பயன்படும்.

இரவில் கட்டும் கைத்தாங்கி குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. வலி தணிகிறது என்போர் பலர். ஆய்வுச் சான்று வலுவாக இல்லை. கைப்பயிற்சிக்கு 2015இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஆதரவளித்தது.

2021ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஓ.டி.யைச் சுகாதாரத் தொழில்களுள் ஒன்றாக ஏற்றது. அதே ஆண்டு தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இயன்முறைச் சிகிச்சையை (பிசியோதெரபி) வீட்டு வாசலுக்குக் கொண்டுசென்றது.