சனக்கூட்டத்தைக் கண்டால் பயமா? இதுவும் ஒரு நோய்தான்

பஸ்ஸில் ஏறப் பயம், சந்தைக்குள் போனால் மூச்சு முட்டுகிறது, ஜும்ஆவில் நடு ஸஃப்பில் நிற்க முடியவில்லை என்று சொல்பவர்களை நாம் கோழை என்கிறோம், அல்லது ஈமான் குறைந்தவர் என்கிறோம். ஓர் ஆசிரியராக, காலைக் கூட்டத்துக்கு வரப் பயந்து வகுப்பறையிலேயே நின்றுவிடும் மாணவர்களையும், துணையின்றிப் பாடசாலைக்கு வர முடியாத உம்மாமாரையும் நான் கண்டிருக்கிறேன். அதனாலேயே இதனை எழுதுகிறேன்.

மருத்துவம் இதனை 'அகோராஃபோபியா' என்கிறது. கிரேக்க மொழியில் 'அகோரா' என்றால் சந்தை, மக்கள் கூடுமிடம். 1871இல் ஜேர்மனிய மருத்துவர் கார்ல் வெஸ்ட்பால் இப்பெயரைச் சூட்டினார். பொதுப் போக்குவரத்து, திறந்தவெளி, மூடிய இடம், வரிசை அல்லது சனக்கூட்டம், வீட்டுக்கு வெளியே தனித்திருத்தல் ஆகிய ஐந்தில் இரண்டுக்காவது கடுமையாகப் பயந்து, அது 6 மாதங்கள் அளவில் நீடித்தால் வைத்தியர்கள் இந்நோயைக் கருத்திற்கொள்வர். நோயாளி உண்மையில் அஞ்சுவது இடத்துக்கல்ல. "இங்கே எனக்கு ஏதும் நடந்தால் தப்பவும் முடியாது, உதவவும் ஆளில்லை" என்ற எண்ணத்துக்கே அஞ்சுகிறார்.

பலருக்கு இது திடீர்ப் பீதியோடு தொடங்குகிறது. நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், தலை சுற்றும், மௌத்து வந்துவிட்டது போலிருக்கும். சில நிமிடங்களில் உச்சத்தை அடைந்து அது தானாகவே தணியும். ஆனால் அவர் உடனே அவ்விடத்தை விட்டு ஓடிவிடுகிறார். அப்போது கிடைக்கும் நிம்மதிதான் நோயை வளர்க்கிறது. முதலில் பஸ், பிறகு சந்தை, கடைசியில் வீட்டுப் படலையைக் கூடத் தாண்ட முடியாத நிலை.

ஆண்களை விடப் பெண்களையே இது அதிகம் பாதிக்கிறது. நம் சமூகத்தில் ஒரு பெண் வெளியே போகாவிட்டால் யாரும் காரணம் கேட்பதில்லை. 'வீட்டோடு இருக்கும் நல்ல பிள்ளை' என்ற பாராட்டுக்குள்ளேயே அவளுடைய நோய் மறைந்துவிடுகிறது.

இதற்குச் சிகிச்சை உண்டு. இதயம், தைரொயிட் போன்ற கோளாறுகள் இல்லையென்பதை முதலில் வைத்தியரிடம் உறுதிசெய்ய வேண்டும். அடுத்தது படிப்படியான பயிற்சி. இன்று படலை வரை, சில நாட்களில் பஸ் தரிப்பிடம் வரை, பிறகு துணையோடு ஒரு தரிப்பிடப் பயணம், பின்னர் தனியே. பயம் தணியும் வரை அவ்விடத்திலேயே நிற்பதுதான் முக்கியம். தேவையெனில் வைத்தியர் மருந்தும் தருவார். அதை நாமாக நிறுத்தக் கூடாது.

ஓதிப் பார்ப்பதோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். துஆவும் வைத்தியமும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. நோயையும் அச்சத்தையும் ஜும்ஆவுக்கான தகுந்த காரணங்களாக ஃபிக்ஹ் நூல்கள் ஏற்கின்றன. தன் நிலைமையைச் சொல்லி ஆலிம் ஒருவரிடம் விளக்கம் பெறலாம். முடிந்தவர் கதவருகே கடைசி ஸஃப்பிலிருந்து தொடங்கட்டும்.

அரச வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் இலவசமாகச் சிகிச்சை பெறலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். உங்கள் வீட்டில் ஒருவர் வெளியே வரத் தயங்கினால் ஏசாதீர்கள், இழுத்துச் செல்லாதீர்கள். "எதற்குப் பயமாக இருக்கிறது?" என்று அமைதியாகக் கேட்டுப் பாருங்கள்.