போய் வரும் வரி

கொச்சைப் பேச்சில் கவிதை எழுதினால் அது கவிதையாகுமா என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு வில்லியம் பார்ன்ஸின் ஞாபகம் வருகிறது.

இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டார்செட் சீமையில் 1801-ல் பிறந்தவர் அவர். பள்ளி வாத்தியாராக இருந்து, பிறகு பாதிரியார் ஆனார். பல பாஷைகள் கற்றவர். ஆனாலும் பாட்டென்று வந்தபோது உழவர்களின் டார்செட் பேச்சைத்தான் பெரிதும் நாடினார். பட்டணத்தார் காதுக்கு அது கெட்டுப்போன இங்கிலீஷ்.

1859-ல் வந்த அவருடைய தொகுதியில், லிண்டன் லீ என்ற இடத்துப் பழத்தோட்டத்தைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. எட்டெட்டு வரிகளில் மூன்றே செய்யுட்கள். முன் நான்கு வரிகளில் இயைபு ஒன்றுவிட்டு ஒன்றாக வருகிறது. முதல் செய்யுளில் அசைகளும் ஒன்பதும் ஏழுமாக ஏறி இறங்குகின்றன. பின் நான்கில் எல்லாம் எட்டெட்டு அசை. இயைபும் இரண்டிரண்டாகச் சேர்ந்துகொள்கிறது. அலைந்து திரிந்தவன் சொந்தத் தெருவுக்குள் திரும்பியதும் நடை சீராகிவிடுமே, அப்படி!

மூன்று செய்யுளும் ஒரே வரியில்தான் முடிகின்றன: லிண்டன் லீயில் ஆப்பிள் மரம் தாழச் சாய்ந்து நிற்கிறது. முதலில் பறவைகளின் குரலுக்கு நடுவே அது வெறும் காட்சி. அடுத்ததில் பழம் சிவக்கிறது, அது பருவம். மூன்றாவதில், இருட்டறைப் பட்டணங்களில் மற்றவர்கள் பணம் சேர்க்கட்டும், சிடுசிடுக்கும் எஜமானுக்கு நான் அஞ்சவில்லை, எங்கும் போவேன், திரும்பியும் வருவேன் என்கிறான். இப்போது அந்த மரம் அவன் வீடு. வரியில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை, பொருள்தான் வளர்ந்துவிட்டது.

எஜமானுக்கு அஞ்சாமை டார்செட்டில் லேசான காரியமல்ல. கூலி குறைந்ததால் சங்கம் சேர்ந்த டால்படில் கிராமத்துத் தொழிலாளர் ஆறு பேருக்கு 1834-ல் ஏழு வருஷ தீபாந்தர தண்டனை கிடைத்தது. ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். இரண்டு வருஷம் கழித்துத்தான் மன்னிப்பு வந்தது. அந்தச் சீமையில் ஒருவன், நான் போவேன், வருவேன் என்று பாடுகிறான். அதனால்தான் இதை வெறும் பழைய நினைப்பென்று என்னால் தள்ள முடியவில்லை.

அந்தக் கடைசி வரியை இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பாதியிலும் முதல் மெய்யை விட்டுவிட்டால் மிஞ்சும் மெய்கள் ல, ன, ட, ன, ல. வேல்ஸ் நாட்டுப் புலவர்களின் மெய்யொலி அணியை, கொச்சை என்று ஒதுக்கப்பட்ட பேச்சுக்குப் பூட்டியிருக்கிறார் பார்ன்ஸ். அந்த ஐந்தையும் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுதான்.

போகிற பாதையும் வருகிற பாதையும் அவனுக்கு ஒன்றுதானே!